பாட்டியின் வீணை சிகாகோவுக்குப் போகலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். என் மகள் பத்து வருடமாக வீணை கற்றுக்கொள்கிறாள். மேற்படிப்புக்காக ஜனவரி முதல் வாரம் சிகாகோ கிளம்புகிறாள். என் மாமியாரின் வீணையைத்தான் கொண்டுபோவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். 1958-இல் மாமியாரின் கல்யாணத்துக்குத் தஞ்சாவூரில் வாங்கியது. ஏகாண்ட வீணை. குடத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை வேலைப்பாடு இருக்கிறது. ஒரு உறவினர், வீணைக்குத் தனி சீட் வாங்கிவிடு என்கிறார். இன்னொருவர், தந்தியையெல்லாம் அவிழ்த்துவிட்டுச் சரக்கில் போடு, ஒன்றும் ஆகாது என்கிறார். நானும் வாசித்தவள்தான், விட்டு இருபது வருடம் ஆகிறது. பாட்டி வீணைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது. என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகி, திருச்சி

பதில்:

சகோதரிக்கு வணக்கம். வீணைப் பட்டறை வைத்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். சீட், தந்தி எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், போகிறபோக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன அந்த வெள்ளைப் பட்டையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

இன்றைக்குத் தஞ்சாவூர்ப் பட்டறைகளில் அந்த வேலைக்கு பிளாஸ்டிக் தகடுதான். 1958-இல் செய்த வீணைக்கு அப்படி அடித்துச் சொல்ல முடியாது. தந்தமாக இருக்கலாம், மான்கொம்பாக இருக்கலாம், பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். என் அப்பா காலத்தில் மூன்றும் புழங்கின. பிளாஸ்டிக் என்றால் கவலையில்லை. மற்ற இரண்டில் ஒன்று என்றால் வீணை விமான நிலையத்தைத் தாண்டக் கூடாது. நம் ஊர் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 1986-இல் இந்திய யானைத் தந்த வியாபாரத்தையும், 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் அது தடுத்துவிட்டது. நம் யானை 1975 முதலே, அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில், இருக்கிறது. அமெரிக்காவிலும் தந்தம் என்றால் சுங்கக்காரர்கள் லேசில் விடமாட்டார்கள். பழைய வாத்தியங்களுக்குச் சான்றிதழ் வாங்கும் வழி ஒன்று உண்டு. ஆனால் அது படிக்கப் போகிற பெண் இரண்டு மாதத்தில் முடிக்கிற காரியம் இல்லை. "எங்க பாட்டி வீணைங்க" என்று அழுதால் அதிகாரிக்கு மனசு இளகலாம், சட்டம் இளகாது.

தந்தமா என்று வீட்டிலேயே சோதிக்க ஆசை வரும். ஊசியைச் சுடவைத்துக் குத்திப் பார், பிளாஸ்டிக் என்றால் உருகும் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிக் குத்திய வீணைகளைப் பார்த்திருக்கிறேன், அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். பட்டையின் வெட்டுமுனை எங்காவது வெளியே தெரிந்தால் அங்கே பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தந்தத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும் மெல்லிய கோடுகள் இருக்கும். முனை தெரியவில்லை என்றால் இங்கே கொண்டுவாருங்கள்.

இன்னொரு பயம் உங்களுக்கு வந்திருக்கலாம், பழைய பொருள் என்பதால் தொல்லியல் துறை தடுக்குமோ என்று. அந்தச் சட்டத்தில் நூறு வயது தாண்டினால்தான் தொல்பொருள். உங்கள் வீணை அந்தக் கணக்கில் இன்னும் சின்னப் பெண்.

சரி, பட்டை பிளாஸ்டிக்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் என் பதில், பாட்டி வீணையை அனுப்பாதீர்கள் என்பதுதான். விமானத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. நம் ஊரிலிருந்து எத்தனையோ வாத்தியங்கள் கடல் தாண்டிப் போய், வாசித்து, நல்லபடியாகத் திரும்பி வருகின்றன. நான் பயப்படுவது சிகாகோவின் ஜனவரி மாதத்துக்கு.

பலா மரம் வெட்டி எத்தனை வருடமானாலும் காற்றோடு பேசிக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரம் இருந்தால் வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிடும். கொடுக்கும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம் மரத்தின் நீளவாக்கில் இருக்கவே இருக்காது என்று சொல்லலாம், எல்லாம் குறுக்குவாக்கில்தான். திருச்சியில் கோடையில்கூட வீட்டுக்குள் ஓரளவு ஈரம் இருக்கிறது. சிகாகோவில் ஜனவரியில் வெளியே பூஜ்யம் டிகிரிக்குக் கீழே. அந்தக் காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கும்போது அதன் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். உதடு வெடிக்கிறது, கை வெளுக்கிறது என்று அங்கே போன பிள்ளைகள் தொலைபேசியில் சொல்வார்களே, அதே காற்றுதான் வீணையையும் சுற்றி இருக்கும். அறுபது எழுபது வருடமாகக் காவிரிக் காற்றில் இருந்த ஒரு குடத்தை ஒரே மாதத்தில் அப்படி உலரவிட்டால், மேற்பலகை ஒரு பக்கம் இழுக்கும், குடம் ஒரு பக்கம் இழுக்கும். எங்கே பலவீனமோ அங்கே வாய் பிளக்கும்.

இந்த இடத்தில் ஏகாண்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏகாந்த வீணை என்றும் சொல்வார்கள். குடம், கழுத்து மாதிரி நீளும் தண்டி, தலையில் இருக்கும் யாளி முகம் எல்லாம் ஒரே பலா மரத்தில் குடைந்தது. நாதத்துக்கு அதுதான் ஒசத்தி என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் பயணத்துக்கு, தனித்தனியாகச் செய்து ஒட்டிய ஒட்டு வீணையையே நான் கொடுப்பேன். கேட்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள், மட்டமான சரக்கைத் தலையில் கட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள். விஷயம் இதுதான்: பெட்டி கீழே விழுந்தால் ஒட்டு வீணை, குடமும் தண்டியும் சேரும் ஒட்டில்தான் பெரும்பாலும் விடும். ஒட்டு விட்டால் சுத்தமாகத் துடைத்து, பசை போட்டு, இறுக்கிக் கட்டி, பத்து நாளில் கொடுத்துவிடுவேன். ஏகாண்டத்துக்கு விட்டுக்கொடுக்க ஒட்டே கிடையாது. அடி வாங்கினால் மரமே ரேகையோடு பிளக்கும். அதை அடைக்கலாம், தகடு வைக்கலாம், மெருகு போட்டு மறைக்கலாம். வாசிக்கும்போது கைக்குத் தெரியும்.

ஆகவே குழந்தைக்கு ஒரு நல்ல ஒட்டு வீணை வாங்கிக் கொடுங்கள். இந்த யோசனை உங்கள் வீட்டில் எடுபடுவது கஷ்டம் என்று தெரிகிறது. "பாட்டி வீணையில்தான் வாசிப்பேன்" என்கிற பெண்ணிடம் என் வார்த்தையைச் சொல்லுங்கள்: கல்லூரி விடுதியில், சூடேற்றும் குழாய்க்குப் பக்கத்தில், இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டு வருகிற வீணை அவள் எடுத்துப்போன வீணையாக இருக்காது. அது திருச்சியிலேயே இருக்கட்டும். சும்மா உறைக்குள் அல்ல. வாசிக்காத வீணைக்குத் தந்தியை முறுக்கும் பிரடை இறுகிப்போகும், உலோக மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு வறண்டுபோகும், தந்தி துருப்பிடிக்கும். விட்டு இருபது வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் ஒரு மருந்து உங்கள் வீட்டிலேயே கிடக்கிறது என்று மட்டும் சொல்லி விடுகிறேன்.

இனி நீங்கள் கேட்ட கேள்விகள். எந்த வீணை போனாலும் இவை பொருந்தும்.

தனி சீட். முடியும். விமான நிறுவனங்களின் பாஷையில் அதற்கு சி.பி.பி.ஜி. என்று குறியீடு. பயணி அறையில் சாமானுக்காக வாங்கும் இருக்கை என்று அர்த்தம். செல்லோ வாசிப்பவர்கள் அப்படித்தான் போகிறார்கள், தண்டிக்கு அடியில் திருகியிருக்கும் சுரைக்குடுக்கையைக் கழற்றிவிட்டால் வீணையும் நீளத்தில் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆனால் பெரும்பாலும் இணையத்தில் சொடுக்கி வாங்க முடியாது. நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடித்து, பெட்டியின் அளவும் எடையும் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். வழியில் வேறு விமானம் மாறினால் அந்த விமானத்துக்கும் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜன்னலோரம்தான் கொடுப்பார்கள், அவசர வழி வரிசையில் கொடுக்க மாட்டார்கள். விலை ஏறக்குறைய இன்னொரு ஆள் டிக்கெட். கச்சேரிக்காரர் ஒருவர், இறங்கிய மறுநாள் மேடையேற வேண்டும் என்றால், அவருக்கு அது நியாயமான செலவு. உங்கள் பெண்ணுக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல பெட்டி ஒன்று வாங்கி, மீதியில் திரும்பி வரும் டிக்கெட்டில் பாதி வாங்கிவிடலாம்.

"வயலினைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுகிறார்களே, வீணையை விடமாட்டார்களா?" என்று அடுத்த கேள்வி வரும். அமெரிக்காவில் 2015 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. ஏறும் நேரத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டியிலோ இருக்கைக்கு அடியிலோ இடம் இருந்தால், சின்ன வாத்தியத்தை விமானத்துக்குள் அனுமதிக்க வேண்டும். அது அமெரிக்க நிறுவனங்களுக்கு மட்டும். வயலின் அதில் அடங்கும். நாலடிக்கு மேல் நீளமும் குடமும் உள்ள வீணை எங்கே அடங்கும்? இந்தப் பேச்சை நம்பிக் கையோடு தூக்கிப்போய், வாசலில் நின்றபின் "கீழே போடுங்கள்" என்று பிடுங்கிக்கொள்ளும்போதுதான் ஆபத்து. மெத்தென்ற துணி உறையில் இருக்கும் வீணை அப்படியே சரக்கு அறைக்குப் போய்விடும். வீணைக்கு இதைவிடப் பெரிய கண்டம் கிடையாது.

எனவே சரக்குதான், கெட்டிப் பெட்டியில். சரக்கு அறை பற்றி நம் மக்களுக்கு ஒரு பயம் உண்டு, அங்கே காற்றே இருக்காது, எல்லாம் உறைந்துவிடும் என்று. பயணிகள் விமானத்தில் மேலே உள்ள காற்றழுத்தம்தான் கீழேயும். கொஞ்சம் குளிராக இருக்கும், அவ்வளவுதான். வீணை அடிபடுவது தரையில், ஏற்றும்போதும் இறக்கும்போதும்.

பெட்டி விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார். வெளியே கண்ணாடி இழைப் பெட்டி, நல்ல தாழ்ப்பாள், எல்லாரும் பார்த்து வாங்குகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பதில்லை. பெட்டி தட்டையாக விழுகிறது என்று வையுங்கள். பெட்டி நின்றுவிடும். உள்ளே யாளி முகமும் பிரடைகளும் சேர்ந்த கனம் நிற்காது, அது கீழே போகப் பார்க்கும். அந்த உதறலில் தண்டி முறியும். வெளியே ஒரு கீறல் இருக்காது. "பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையே, எப்படி உடைஞ்சுது?" என்று கேட்டுக்கொண்டே என்னிடம் வருவார்கள். எப்படியென்றால் இப்படித்தான். குடத்தின் அடியில் சும்மாடு மாதிரி வளையமான மெத்தை வேண்டும். தண்டிக்கு அடியில் குறைந்தது மூன்று இடத்தில் தாங்கல் வேண்டும், அதில் ஒன்று மேருவுக்கு, அதாவது தந்திகள் மெட்டுகளைத் தாண்டிப் பிரடைப் பக்கம் ஏறிப்போகும் மேட்டுக்கு, கீழே, தலைக்கனம் தொடங்கும் இடத்தில். யாளியின் மூக்கு பெட்டியின் சுவரைத் தொடவே கூடாது. நாலு விரற்கடை இடைவெளி விட்டு அதை ஸ்பாஞ்சால் நிரப்புங்கள். பிரடைகள் மீது எதுவும் அழுத்தக் கூடாது. மூடியைச் சாத்தி, இரண்டு பேர் தூக்கி, நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே லேசாக ஒரு "டொக்" கேட்டாலும் திரும்பத் திறந்து அடையுங்கள். அடைப்பதற்குப் பழைய நூல் புடவையைவிட உசத்தியான சாமான் எதுவும் நான் பார்த்ததில்லை. பட்டுப் புடவை வேண்டாம், வழுக்கும்.

பெட்டிக்குள் வீணையைத் தவிர வேறு ஒன்றும் போகக் கூடாது. சில வருடங்களுக்கு முன் ஒரு வீணை மூன்று தடவை வெளிநாடு போய்ப் பத்திரமாக வந்தது. நாலாவது தடவை மேற்பலகையில் குழியும், இரண்டு மெட்டு பெயர்ந்தும் வந்தது. விமானக்காரர்களைத் திட்டிக்கொண்டே கொண்டுவந்தார்கள். பெட்டியைக் கவிழ்த்தேன், ஒரு சுருதிப் பெட்டி விழுந்தது. இடம் சும்மாதானே இருக்கிறது என்று வைத்திருக்கிறார்கள். பதினைந்து மணி நேரம் அது வீணைமேல் சுத்தியல் வேலை பார்த்திருக்கிறது.

சுரைக்குடுக்கையைத் திருகிக் கழற்றி, உள்ளே சாக்ஸ், துண்டு என்று திணித்து, துணிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். காலியாக வைத்தால் நசுங்கும். உதிரித் தந்திகளை அதே துணிப் பெட்டியில் போடுங்கள். கட்டிங் பிளேயரும் அங்கேதான். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

தந்தி. இரண்டாவது உறவினர் சொன்னபடி முழுக்க அவிழ்க்காதீர்கள். மேற்பலகைமேல் தந்திகளைத் தாங்கும் குதிரையைப் பிடித்து நிறுத்துவதே தந்தியின் அழுத்தம்தான். எல்லாம் தளர்ந்தால் குதிரை சாயும், தந்திகளும், சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கும் லங்கர்களும் மேற்பலகையில் கோலம் போடும். அப்படியே முழுச் சுருதியில் அனுப்புவதும் தப்பு. முதல் தந்தியான சாரணியை அது இருக்கும் சட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமம் வரை இறக்குங்கள், மற்றவற்றையும், தாளத் தந்திகள் உட்பட, அதே அளவுக்கு. அதற்கு முன் குதிரை நிற்கும் இடத்தைப் பென்சிலால் மெல்லக் குறித்து, கைபேசியில் படமும் எடுத்துவிடுங்கள். அரை விரல் நகர்ந்தாலும் மெட்டுகள் சுருதி சேராது. அப்புறம் ஒரு நீளமான துணியை மடித்துத் தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே விட்டால், ஆட்டத்தில் தந்தி மெட்டின்மேல் அறையாது.

மெட்டு என்றதும் மெழுகு ஞாபகம் வருகிறது. 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த சட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சுத்தமான தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், இளகுவது அதற்கு ரொம்ப முன்னாலேயே. வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். விமானத்தில் கெட்ட வீணைகளைவிட, கல்யாண மண்டப வாசலில் டிக்கியில் வைத்துக் கெட்ட வீணைகள்தான் என் பட்டறைக்கு அதிகம் வந்திருக்கின்றன. மேளம், அதாவது மெழுகில் மெட்டுகளைச் சுருதி சேர்த்துப் பதித்த அமைப்பு, முழுக்கக் கலைந்து, மெட்டுகள் பல்லுக் கட்டாத கிழவி மாதிரி சாய்ந்து கிடக்கும். திருச்சியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குக் காரில் போவீர்கள் என்று நினைக்கிறேன். வழியில் சாப்பிட நிறுத்தும்போது ஒருவர் காரிலேயே ஏ.சி. போட்டு உட்காரட்டும். குளிரில் இதற்கு நேர்மாறு, மெழுகு இறுகி நொறுங்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். ஒரு குலுக்கலில் மெட்டு கழன்று விழும். கிளம்புமுன் குழந்தை அரை நாள் இங்கே வந்து உட்கார்ந்தால், கழன்ற ஒரு மெட்டைத் திரும்பப் பதிக்கக் கற்றுத்தருகிறேன். ஒன்றுதான், மொத்த மேளம் கட்ட ஒரு ஆயுள் வேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போதே யோசிக்க வேண்டியது சில உண்டு. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் சாமானை எடுத்து, சுங்கம் தாண்டி, திரும்பப் போட வேண்டியிருக்கும். ஆகவே நேராக சிகாகோவில் இறங்கும்படி, வழியில் ஒரே ஒரு மாற்றத்தோடு எடுங்கள். மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் பெண் ஓடி ஏறிவிடுவாள், வீணை ஏறாது. சாதாரணப் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டர் என்பது பல நிறுவனங்களின் கணக்கு. வீணைப் பெட்டி 145, 45, 45 என்று வைத்தாலே 235. அளவு மீறிய சாமான்தான், கட்டணம் கேட்பார்கள். அமெரிக்க நிறுவனங்கள் மேலே சொன்ன விதிப்படி 150 அங்குலம், அதாவது 381 சென்டிமீட்டர் வரையும், 165 பவுண்டு வரையும் வாத்தியத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும், கட்டணம் வாங்கிக்கொண்டு. மற்ற நிறுவனங்கள் அவரவர் இஷ்டம். மாணவர்களுக்கு வழக்கமாகத் தலா 23 கிலோவில் இரண்டு பெட்டி கிடைக்கும், அதில் ஒன்று வீணைக்குப் போய்விடும். வீணை ஏழெட்டுக் கிலோ என்பதால், பெட்டியைப் பதினான்கு கிலோவுக்குள் பார்த்து வாங்குங்கள்.

விமான நிலையத்தில் வீணையை மற்ற பெட்டிகளோடு ஓடும் பட்டையில் விடாதீர்கள். அளவு மீறிய சாமான்களை எடுக்கும் இடம் தனியாக இருக்கும், அங்கே ஆள் வந்து வாங்கிக்கொள்ளும்வரை நில்லுங்கள். "உடையும் பொருள்" என்ற சிவப்பு ஒட்டி ஒட்டுவார்கள். ஒட்டட்டும், சாமிக்குப் பூ வைப்பது போல. அதைவிடப் பெட்டி மூடியின் உட்புறம் ஒரு படம் ஒட்டுங்கள்: வீணை எப்படி உள்ளே படுத்திருக்க வேண்டும் என்று காட்டும் வண்ணப் படம், பெரிதாக, கூடவே இரண்டு வரி ஆங்கிலத்தில். நம் ஊரில் சந்தேகம் வந்தால் பயணியைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் விமானம் ஏறும்போது அவர்களே திறந்து பார்த்துவிட்டு மூடி அனுப்பிவிடுவார்கள். வீணையைப் பிறந்ததிலிருந்து பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப வைக்கிறார் என்பதை மறக்காதீர்கள். யாளியைக் குடம் பக்கம் வைத்து அழுத்தி மூடிய பெட்டி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் சாவி போட்டுத் திறக்கக்கூடிய வகைப் பூட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. வேறு பூட்டு போட்டால் உடைத்துவிடுவார்கள்.

கவுன்டரில் ஒரு சீட்டு நீட்டி, உடைந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்று கையெழுத்துக் கேட்கலாம். போட்டுத்தான் ஆக வேண்டியிருக்கும். அதனால் எல்லாம் போயிற்று என்று அர்த்தமில்லை. விமானப் பயண இழப்பீடு பற்றிய மான்ட்ரியால் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. வெளிநாட்டுப் பயணத்தில், உடன்படிக்கை சுமத்தும் பொறுப்பை நிறுவனம் ஒரு சீட்டால் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் சாமானின் சொந்தக் குறைபாட்டால் உடைந்தது, கட்டியது சரியில்லை என்று வாதாட அவர்களுக்கு வழி இருக்கிறது. அதற்குத்தான் கவுன்டரில் ஒப்படைக்குமுன் பெட்டியைத் திறந்து, மூடி, நாலா பக்கமும் படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), இன்றைய மதிப்பில் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு புது ஒட்டு வீணைக்கு அது தாராளம். அதைவிட விலை உள்ள வாத்தியம் என்றால் ஒப்படைக்கும்போதே மதிப்பை எழுதிக் கொடுத்து, கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். பாட்டி வீணைக்கு எந்தத் தொகையை எழுதுவீர்கள்?

சிகாகோவில் இறங்கியதும் அளவு மீறிய சாமான் வரும் வாசல் எது என்று கேட்டு அங்கே போய் நிற்கட்டும். பெட்டியை விமான நிலையத்திலேயே திறந்து ஒரு பார்வை பார்க்க வேண்டும். உடைந்திருந்தால் வெளியே வராமல் அங்கேயே புகார் எழுதி, அதன் நகலை வாங்க வேண்டும். சாமான் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போகவில்லை என்றால் உரிமை போய்விடும். சேதம் இல்லை என்றால் உடனே மூடிவிடட்டும். இது முக்கியம்: அறைக்குப் போனதும் ஆசையாக எடுத்து வாசிக்கக் கூடாது. பெட்டியை மூடியபடி ஒரு நாள் முழுக்க அறையில் வைத்திருக்க வேண்டும், சூடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கட்டும். குளிர்ந்த மரத்தைச் சூடான அறையில் திறந்தால் மேலே வேர்க்கும். அதற்குப் பிறகு சுருதி ஏற்றலாம், அதுவும் ஒரே நாளில் அல்ல, இரண்டு மூன்று தவணையாக. பிரடை வழுக்கும், ஏனென்றால் மரம் சுருங்கியிருக்கும். கொஞ்சம் சாக்குக்கட்டிப் பொடி தடவினால் பிடிக்கும். முதல் வாரத்திலேயே ஈரம் அளக்கும் ஒரு சின்னக் கருவியும், காற்றுக்கு ஈரம் கொடுக்கும் இயந்திரமும் வாங்கிக்கொள்ளட்டும். அறையில் 45 விழுக்காடு இருந்தால் வீணையும் பிழைக்கும், அவள் தொண்டையும் பிழைக்கும். சூடு வரும் வாய்க்கு எதிரே மட்டும் எந்தக் காலத்திலும் வைக்கக் கூடாது.

இன்னும் ஒன்று. கிளம்பும்போது நம் சுங்கத்தில் கேட்டால், இந்தப் பொருள் இங்கிருந்து போகிறது என்று ஏற்றுமதிச் சான்று கொடுப்பார்கள். திரும்பி வரும்போது தீர்வை கேட்காமல் இருக்க அது உதவும். அதற்கும், அங்கே யாராவது கேட்டால் காட்டுவதற்கும், என் பட்டறைத் தாளில் ஒரு கடிதம் தருகிறேன்: பலா மரம், உலோக மெட்டு, பிளாஸ்டிக் பட்டை, செய்த வருடம், விலை. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதையும் எழுதிவிடுவேன். சுங்க அதிகாரிக்கு அதனால் ஒன்றுமில்லை, எனக்கு ஒரு திருப்தி.

கார்த்திகை பிறந்துவிட்டால் சீசனுக்குப் போகிறவர்களின் வீணைகள் இங்கே வரிசையில் நிற்கும், பிறகு என்னால் நேரம் கொடுக்க முடியாது. ஆகவே ஐப்பசிக்குள் ஒரு நாள் இரண்டு பேரும் வாருங்கள். பாட்டி வீணையையும் எடுத்து வாருங்கள், வெள்ளைப் பட்டையைப் பார்த்துச் சொல்கிறேன். பஸ்ஸில் வருவதானால் சுரைக்குடுக்கையைக் கழற்ற முயற்சி பண்ணாதீர்கள். அறுபத்துச் சொச்ச வருடத் திருகு, எப்படிப் பிடித்திருக்கிறதோ தெரியாது, நானே கழற்றிக்கொள்கிறேன்.